மைனா ஏறிய கப்பல்

கான்பராவில் வீடு வாங்கிக் குடியேறிய புதிதில், பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் தோட்டத்தில் ஒரு கம்பிக்கூண்டு வைத்திருப்பதைப் பார்த்தேன். உள்ளே கொஞ்சம் நாய்த்தீனி கிடந்தது. எதற்கென்று கேட்டேன். "இந்தியன் மைனாவைப் பிடிக்க" என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சற்றுத் தயங்கி, "பறவையைச் சொன்னேன்" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தத் தயக்கம் எனக்குள் தங்கிவிட்டது. பழந்தமிழில் பூவை என்றும் நாகணவாய் என்றும் பெயர்பெற்ற, எங்கள் ஊரில் மாட்டின் முதுகில் உட்கார்ந்து வரும் பறவை, இங்கே பொறிவைத்துப் பிடிக்கும் பறவையானது எப்படி?

தேடிப் படித்தபோது முதலில் தெரிந்தது இதுதான்: மைனா தானாகக் கடல் தாண்டவில்லை. வேலைக்காகக் கொண்டுபோகப்பட்டது.

1762இல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மொரீஷியஸில் வெட்டுக்கிளிகளை ஒழிப்பதற்கென்று இந்தியாவிலிருந்து மைனாக்களைக் கொண்டுபோய் விட்டார்கள். பூச்சியை அடக்க ஓர் உயிரினத்தை நாடுவிட்டு நாடு கொண்டுசென்ற முயற்சிகளில், பதிவாகியுள்ள மிகப் பழையவற்றுள் இது ஒன்று. அதற்கு ஒரு தலைமுறை முன்பே, 1730களில், லா பூர்தொன்னே ஆளுநராக இருந்த காலத்தில், புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அந்தத் தீவுக்குப் போயிருந்தார்கள். போர்ட் லூயிஸ் நகரம் எழுந்ததில் அவர்கள் உழைப்பும் உண்டு.

ஹவாயில் இந்த இரண்டு கதைகளும் ஒரே மனிதரிடம் வந்து சேர்கின்றன. வில்லியம் ஹில்லெபிராண்ட் ஜெர்மானிய மருத்துவர். தாவரவியலில் பெரும் பற்றுக் கொண்டவர். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடி வரும்படி 1865இல் ஹவாய் அரசு அவரை ஆசியாவுக்கு அனுப்பியது. அந்தப் பயணத்தில் சீனத்திலிருந்து தொழிலாளர்களை அனுப்ப ஏற்பாடு செய்தார். செடிகளையும் பறவைகளையும் சேகரித்தார். இந்தியாவிலிருந்து மைனா ஹவாய்க்குப் போனது அப்போதுதான். மேய்ச்சல் நிலங்களில் புழு தின்பது அதற்கு இட்ட வேலை. ஆளும் பறவையும் ஒரே தேவைப் பட்டியலில் அடுத்தடுத்த வரிகளாக இருந்திருக்கிறார்கள்.

அதே ஹில்லெபிராண்ட் 1858இல் அழகுக்காக ஹவாய்க்குக் கொண்டுவந்த செடி லாண்டானா, நம் உண்ணிச்செடி. மைனா புழுவோடு நிற்கவில்லை. உண்ணிச்செடியின் பழத்தையும் தின்று விதையைத் தீவெங்கும் பரப்பியது. அமெரிக்கக் கண்டத்துச் செடியான அது நீலகிரிக் காடுகளிலும் இன்று புதராக அடைந்து கிடக்கிறது.

ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. அயல்நாட்டு உயிர்களை இங்கே பழக்குவதற்காக 1861இல் மெல்பனில் விக்டோரியா அக்ளிமடைசேஷன் சங்கம் தோன்றியது. நாளிதழ் முதலாளி எட்வர்ட் வில்சன் அதில் முன்னின்றவர். காய்கறித் தோட்டப் பூச்சிகளைத் தின்னட்டும் என்று 1860களில் மெல்பனில் மைனாக்களைப் பறக்கவிட்டார்கள். 1883இல் குவீன்ஸ்லாந்தின் கரும்புக் காடுகளுக்கும் அது போனது. கான்பராவுக்கு மட்டும் தாமதமாக வந்தது. 1968க்கும் 1971க்கும் இடையில் இங்கே விடப்பட்டவை சுமார் 110.

இதுவரை படித்ததும் பறவையின் பக்கம் பேசத்தான் எனக்குத் தோன்றியது. அழைத்துவந்தவரே விரட்டும் கதை புலம்பெயர்ந்தவனுக்குச் சட்டென்று பிடித்துப்போகும். ஆனால் அந்தக் கதை பாதிதான் உண்மை. ஆஸ்திரேலியாவில் மரங்கொத்திகள் கிடையாது. யூகலிப்டஸ் மரத்தில் கூடுகட்டும் அளவுக்குப் பொந்து விழ நூறாண்டுக்கு மேல் ஆகலாம். இருக்கிற பொந்துகளை மைனா பிடித்துக்கொண்டால் ரொசெல்லா கிளிக்கு மாற்றிடம் இல்லை. கான்பராவில் மைனா பெருகியதற்கும் ரொசெல்லா, குக்கபரா முதலிய பொந்துவாழ் பறவைகளின் பெருக்கம் குறைந்ததற்கும் தொடர்பிருப்பதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெரியவரின் கூண்டுக்குக் காரணம் இருக்கிறது.

இன்னொரு பறவையையும் சொல்ல வேண்டும். நாய்சி மைனர் இந்த மண்ணுக்கே உரியது. மஞ்சள் அலகால் மைனாவை நினைவூட்டியதால் அதன் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. கூட்டமாகச் சேர்ந்து சிறு பறவைகளைத் துரத்தும் அதன் மூர்க்கத்தை, மற்ற உயிர்களுக்கு முக்கிய அச்சுறுத்தல் என்று 2014இல் அரசே சட்டப்படி பட்டியலிட்டது. பிறந்த மண் நடத்தைக்கு உத்தரவாதம் இல்லை.

மைனா வேறு, நான் வேறு. அது ரொசெல்லாவின் பொந்தைப் பறிக்கும் ஓர் இனம். நானும் பெரியவரும் ஒரே இனம். இந்த வேறுபாட்டை மறந்து பறவைக்காக வாதாடினால், நம்மைப் பறவையோடு சேர்த்துப் பேசுகிறவர்களுக்கு நாமே வழிவிட்டதாகும்.

சென்ற மாதம் வேலியோரம் நின்று ஹில்லெபிராண்ட் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். "அப்படியானால் கூண்டை எடுத்துவிடச் சொல்கிறீர்களா?"

"இல்லை, இருக்கட்டும். மைனா என்று மட்டும் சொல்லுங்கள். அது எந்த ஊர் என்பதைவிட யார் கப்பலில் ஏற்றினார்கள் என்பதுதான் முக்கியம்."