இரதம் தங்கும் நாள்

திருத்தலப் பயணத்தைப் பற்றி எழுதுவோர் நடையின் அருமையையே பெரிதும் பேசுவர். நடைக்கு இடையே வரும் தங்கலைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும் நம் முன்னோர் தங்கலையும் பயணத்தின் ஓர் உறுப்பாகவே கொண்டனர். திருப்புகலூரில் முருக நாயனாரின் திருமடத்தில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பிற அடியார்களும் கூடித் தங்கிய செய்தியைப் பெரியபுராணம் உரைக்கிறது. செட்டிநாட்டிலிருந்து பழனிக்குக் காவடியுடன் நடக்கும் நகரத்தார்க்கு வழிநெடுகத் தங்கல்கள் உண்டு. நடை அடியாரைத் தலத்தோடு சேர்க்கிறது. தங்கலோ அடியாரை அடியாரோடு சேர்க்கிறது. மலேசியத் தமிழர் வரலாற்றில் இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குவது, பத்துமலையில் இரதம் தங்கும் நாளாகும்.

கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873-இல் தோன்றியது. அங்கிருந்து முருகப் பெருமானைத் தாங்கிய இரதம் ஈப்போ சாலை வழியே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கடந்து, தைப்பூசத்திற்கு முதல்நாள் பத்துமலையை அடைகிறது. மறுநாள் பூசம், அதற்கடுத்த நாள் நகர் திரும்பும் பயணம். முன்னாளில் மரத்தேர் சென்ற இவ்வழியில் 1983 முதல் வெள்ளி இரதம் செல்கிறது. இடையிலுள்ள பூச நாள், காவடி எடுப்போர்க்கு விரதத்தின் முடிவு. இரதத்துடன் இரவெல்லாம் நடந்து வந்தவர்க்கோ கால்களுக்கு ஓய்வு, கண்களுக்கு விருந்து.

இந்த மலை தமிழர் வருமுன்னரே மனிதர்க்குப் பயன்பட்டு வந்தது. பழங்குடி மக்கள் இக்குகைகளில் ஒதுங்கினர். 1860-களில் சீனக் குடியானவர்கள் தங்கள் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக வௌவால் எச்சத்தை இங்கிருந்து எடுத்துச் சென்றனர். 1878-இல் அமெரிக்க இயற்கை நூலறிஞர் வில்லியம் ஹார்னடே இம்மலையைக் கண்டு எழுதியபின் வெளியுலகம் இதனை அறிந்தது. குகை வாயில் வேல் வடிவில் தோன்றியதைக் கண்டு கே. தம்புசாமி பிள்ளை இங்கு முருகன் வழிபாட்டைத் தொடங்கினார் என்பர். 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 1920-இல் மரப்படிகள் அமைந்தன. பின்னர் அவ்விடத்தில் 272 சிமெண்டுப் படிகள் எழுந்தன.

இவ்வளவு வேகமாக ஒரு காட்டுக்குகை பெருந்தலமானது எவ்வாறு? விடை இருப்புப் பாதையிலும் தோட்டத்திலும் உள்ளது. 1886-இல் கோலாலம்பூரைக் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுடன் இரயில் இணைத்தது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேத் தொழிலாளரின் குடியிருப்பாக வளர்ந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் இரப்பர்த் தோட்டங்கள் பரவின. ஒவ்வொரு தோட்டமும் தனக்கென ஒரு கோயிலும் கங்காணியும் கொண்ட தனித்தீவு. ஒரே ஊரில் பிறந்தவர்கள் வெவ்வேறு தோட்டங்களில் வாழ்ந்து, ஒருவரையொருவர் காணாமலே முதுமை அடைவதும் உண்டு. நாட்கூலி பெற்ற அவர்கள், வேலை செய்யாத நாளுக்குக் கூலி பெறவில்லை. அத்தகையோர் பூச நாளைப் பத்துமலையில் கழிப்பதென்றால், அது கையிலிருந்த பொருளைக் கொடுத்து வாங்கிய ஓய்வு.

அந்த ஓய்வில் அவர்கள் செய்தவை யாவை? ஆற்றில் நீராடினர்; பிள்ளைகளுக்கு முடி இறக்கினர்; தண்ணீர்ப் பந்தலில் மோர் அருந்தினர்; கடைகளில் வளையலும் பாத்திரமும் பேரம் பேசினர். நிழலில் பாய் விரித்தமர்ந்து பக்கத்துப் பாயினரிடம், “எந்தத் தோட்டம்? சொந்த ஊர் எது?” என்று வினவினர். அவ்வினாக்களிலிருந்து உறவு புதுப்பிக்கப்பட்டது. பெண் கொடுத்தலும் கொள்ளலும் பேசப்பட்டன. சிதறி வாழ்ந்த மக்கள் தம்மை ஓர் இனமாகக் கண்ணாரக் கண்டது இத்தகைய நாட்களிலேதான்.

மலையையும் அவர்கள் சுற்றிப் பார்த்தனர். கோயிற்குகையின் உயர்ந்த கூரைத் திறப்பில் இறங்கும் ஒளி சிறுவர்க்கு வியப்பூட்டியது. படிகளின் பாதிவழியில் பிரியும் இருட்குகையில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள வழிகள் அமைந்துள்ளன. மலையின் பெயரையே தன் அறிவியற் பெயரில் தாங்கிய, வளைக்கு மூடியிட்டு வாழும் அரிய சிலந்தியின் இருப்பிடம் அது. சுண்ணக்கல் வெட்டும் பணி 1980-களில் நின்றதால் மலை பிழைத்தது. இருட்குகையோ 2019-இல் பார்வையாளர்க்கு மூடப்பட்டது.

காலம் பல வசதிகளைத் தந்துள்ளது. 2006-இல் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை எழுந்தது. 2008-இல் கோலாலம்பூர்க் கூட்டரசுப் பிரதேசத்தில் தைப்பூசம் பொதுவிடுமுறையாக அறிவிக்கப்பெற்றது. 2010-இல் மின்சார இரயில் மலையடிவாரம் வரை வந்தது. ஆனால் வசதிக்கு ஒரு விலை உண்டு. காலையில் வந்து, படியேறி, படம் எடுத்து, நண்பகலுக்குள் வீடு திரும்புதல் இன்று எளிது. பாய் விரிப்போர் குறைய, பக்கத்துப் பாயினரை வினவுவோரும் குறைகின்றனர். விடுமுறை இல்லாத மக்கள் கூலியை இழந்து தங்கினர். விடுமுறை பெற்ற நாமோ தங்க நேரமில்லை என்கிறோம்.

2021-இல் பெருந்தொற்றின் காரணமாக இரதம் மக்கள் வெள்ளமின்றி மலைக்குச் சென்றது. வழிபாடு குறைவின்றி நிகழ்ந்தது. எனினும் விழா நிகழ்ந்ததாக எவர்க்கும் தோன்றவில்லை. தங்கிக் கூடும் மக்களே அவ்விழாவின் பாதி என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று. தோட்டங்கள் பல மறைந்து, மக்கள் அடுக்குமாடிகளில் அயலார் பெயரும் அறியாது வாழும் இந்நாளில், முன்னோர் கூலியிழந்து காத்த அந்த ஒரு நாளை நாம் ஒரு மணி நேரமாகச் சுருக்குதல் தகாது. இரதமே ஒரு நாள் தங்குகிறது. அதனோடு நாமும் தங்குதல் வேண்டும்.