கப்பல் தடத்தில் வந்த வானூர்தி: புதுக்கோட்டைச் சீமையின் பயணச் சந்தையும் விமானக் கண்காட்சிகளும்

இந்தியாவில் வானூர்தி, மக்களை ஏற்றிச் செல்லும் ஊர்தியாக அறியப்படுவதற்கு முன்பே, கட்டணம் கொடுத்துக் காணும் காட்சிப்பொருளாக அறிமுகமாகிவிட்டது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், சிம்சன் நிறுவனத்தின் உதவியோடு உருவாக்கிய சிறு வானூர்தியை 1910ஆம் ஆண்டு பறக்கவிட்டபோது, அதைக் காண மக்கள் பணம் கொடுத்தே திரண்டனர். அடுத்த ஆண்டு அலகாபாத்தில் நடைபெற்ற தொழில், வேளாண்மைக் கண்காட்சியில் வானூர்தியும் ஓர் அங்கமாக இடம்பெற்றது. அங்கிருந்து 1911 பிப்ரவரி 18 அன்று ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி ஏறத்தாழ 6,500 கடிதங்களுடன் யமுனையைக் கடந்து நைனியில் இறங்கியதே, உலகின் முதல் அதிகாரபூர்வ வான்வழி அஞ்சல் எனக் கொள்ளப்படுகிறது. வான்வழி அஞ்சல் என்ற பெருந்தொழில் கண்காட்சித் திடல் ஒன்றில் தொடங்கியது என்ற இச்செய்தி, விமான வணிகத்துக்கும் கண்காட்சிக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்பதைக் காட்டுகிறது.

1929 வாக்கில் நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் விமானப்படை வீரர் தம் கூட்டாளியுடன் இந்திய நகரங்கள்தோறும் சென்று, கட்டணம் பெற்றுக்கொண்டு மக்களை வானில் ஏற்றிக் காட்டினார். அவரே ஜே.ஆர்.டி. டாட்டாவுடன் இணைந்து அஞ்சல் விமானச் சேவையை உருவாக்கியதால், வேடிக்கை காட்டிய விமானிக்கும் முறையான விமான நிறுவனத்துக்கும் இடையே ஒருசில ஆண்டுகளே இடைவெளி இருந்தது எனலாம். 1932 அக்டோபர் 15 அன்று டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு விமானத்தை ஓட்டிவர, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு வின்சென்ட் அஞ்சலைக் கொண்டுசேர்த்தார். முதல் ஆண்டில் இச்சேவை ஏற்றிய பயணிகள் 155 பேர் மட்டுமே. 1938 பிப்ரவரியில் இத்தடம் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டபோது, புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு மிக அருகிலேயே வான்வழித் தடம் ஒன்று அமைந்தது. ஆயினும் அது கடிதங்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரிய தடமாக இருந்ததேயன்றி, இச்சீமையின் மக்களுக்கு உரியதாக இருக்கவில்லை. அவர்கள் அப்போது கப்பலில் சென்றுகொண்டிருந்தனர்.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டம், பழைய தொண்டைமான் சமஸ்தானப் பகுதியோடு தஞ்சை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட அறந்தாங்கிப் பகுதியையும் சேர்த்து 1974 சனவரி 14 அன்று உருவாக்கப்பட்டது. இவ்விரு பகுதிகளுக்கும் கடல் கடந்து செல்லும் வழக்கம் பொதுவானது. செல்லும் முறைதான் வேறு. ராயவரம், விராச்சிலை, குழிபிறை, பனையப்பட்டி, நச்சாந்துபட்டி முதலிய நகரத்தார் ஊர்களிலிருந்து பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் இருந்த வட்டிக் கடைகளுக்கு ஆட்கள் சென்றனர். இதனை அவர்கள் 'கொண்டுவிக்கப் போதல்' என்றனர். கடையை நடத்தும் மேலாளும் அவருக்கு உதவும் அடுத்தாளும் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் அமர்த்தப்பட்டு, கணக்கு முடிந்ததும் ஊர் திரும்ப, வேறொருவர் அவரிடத்துக்குப் புறப்பட்டுச் செல்வது முறை. கடற்கரைப் பகுதியிலுள்ள கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், அம்மாபட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களில் வெளிநாடு சென்று பொருளீட்டி வருவோர் சபுராளிகள் எனப்பட்டனர். ஒருவர் மீண்டுவந்து தம்பியையோ மருமகனையோ அனுப்பிவைப்பது இவர்களிடையேயும் வழக்கமாயிருந்தது. இவ்விரு பிரிவினரையும்விட எண்ணிக்கையில் மிகுந்தவர்கள், வறட்சியாலும் நிலமின்மையாலும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் சென்ற உழைப்பாளிகள் ஆவர். அவர்களின் பெயர்கள் எந்த மாளிகையின் முகப்பிலும் பொறிக்கப்படவில்லை என்பதால் அவர்களின் பயண வரலாறு குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. அக்குறை இனியேனும் தீர்க்கப்பட வேண்டியதாகும்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இலும் அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930இலும் ரயில் பாதை திறக்கப்பட்டபோது, இப்பயணங்களுக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்தது. தெற்கே தனுஷ்கோடி சென்று தலைமன்னார்ப் படகில் ஏறுவோருக்கும், வடக்கே திருச்சி சென்று நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ வண்டி மாறிக் கீழைநாடுகளுக்குக் கப்பலேறுவோருக்கும் அது பயன்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற கப்பல்களுள் 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' பெரும்புகழ் பெற்றது. அறையோ படுக்கையோ இன்றிக் கப்பலின் மேல்தளத்திலும் உள்தளங்களிலும் பாய் விரித்துச் செல்வோரைத் தளப் பயணிகள் என்பர். அத்தகையோர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்ற அக்கப்பலுக்கு உரிமம் இருந்தது. விமான நிறுவனம் ஒன்றின் ஓராண்டுப் பயணிகள் 155 பேராக இருந்த காலத்தில், ஒரே கப்பலின் ஒரே பயணத்தில் ஆயிரக்கணக்கானோர் சென்றனர். வட்டாரப் பயணச் சந்தை என்று இன்றைய விமானத் துறையினர் எதனைத் தேடுகின்றனரோ அது இப்பகுதியில் அப்போதே முழு வளர்ச்சி பெற்றிருந்தது. மக்கள் தரும் சிறு கட்டணத்துக்கு அவர்களை ஏற்றிச் செல்லக்கூடிய வானூர்திதான் அன்று இல்லை.

இத்தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. இரண்டாம் உலகப்போரும் பின்னர் 1960களில் பர்மிய அரசு மேற்கொண்ட நாட்டுடைமை நடவடிக்கைகளும் ரங்கூன் வழியை முடித்துவைத்தன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ரஜூலா 1970களின் தொடக்கத்தில் ஓய்வுபெற, அதன் இடத்தை நிரப்பிய 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் நேர்ந்த கொடிய தீ விபத்துடன் சிங்கப்பூர்ப் பயணிகள் கப்பல் சேவையும் நின்றது. ஆனால் செல்ல வேண்டியவர்களின் தேவை நிற்கவில்லை. 1970களின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் வளைகுடா நாடுகளும் புதிய வேலைக்களமாகத் திறந்துகொண்டதால், பாஸ்போர்ட்டும் விசாவும் பெற்று வானூர்தி ஏறுவது அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம் வட்டாரக் குடும்பங்களின் அன்றாடப் பேச்சாயிற்று. புதுக்கோட்டை நெடுஞ்சாலையையொட்டிச் செம்பட்டில் அமைந்த திருச்சி விமான நிலையம், பெயரில் திருச்சியைச் சேர்ந்ததாயினும் பயன்பாட்டில் புதுக்கோட்டைக்கும் உரியதே.

இதே காலத்தில் இந்தியாவில் விமானக் கண்காட்சிகள் வேறொரு வடிவம் பெற்றன. 1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையான பின்னர் விமானம் வாங்குபவர் அரசு ஒருவரே என்பதால், விற்போருக்குக் கடைவிரிக்கும் தேவை பெரிதாக எழவில்லை. 1994இல் சட்டப்படி அவ்வேகபோகம் நீக்கப்பட்ட பின்பே தனியார் நிறுவனங்கள் பெருகின. பெங்களூரு எலகங்காவில் 1996 முதல் நடைபெறும் 'ஏரோ இந்தியா' முதன்மையாகப் படைத்துறை சார்ந்தது. பயணிகள் விமானத் துறைக்கென்று ஐதராபாத்தின் பேகம்பேட்டையில் 2008 அக்டோபரில் தொடங்கிய 'இந்தியா ஏவியேஷன்' கண்காட்சி, 2018 முதல் 'விங்ஸ் இந்தியா' என்ற பெயரில் ஈராண்டுக்கொருமுறை நடந்துவருகிறது. வழக்கமான பயணிகள் சேவை 2008 மார்ச்சில் சம்சாபாத்துக்கு மாற்றப்பட்டதால் ஒழிந்திருந்த ஓடுபாதை, காட்சித் திடலாயிற்று. இங்கே உற்பத்தியாளர்களும் விமான நிறுவனங்களும் கடனளிக்கும் வங்கிகளும் மாநில அரசுகளும் ஒன்றுகூடுகின்றன. வான்சாகசம் பொதுமக்களுக்கு, ஒப்பந்தம் வணிகர்களுக்கு என்பது இதன் அமைப்பு. 2024 சனவரியில் ஆகாசா நிறுவனம் 150 போயிங் விமானங்களுக்கான கொள்முதலை இங்குதான் அறிவித்தது.

முதல் பேகம்பேட்டைக் கண்காட்சி முடிந்து இரண்டு மாதங்களுக்குள், 2008 டிசம்பர் 1 அன்று, மலேசியாவின் குறைந்த கட்டண நிறுவனமான ஏர் ஏசியா இந்தியாவுக்கான தன் முதல் சேவையைத் தொடங்கியது. அது தேர்ந்தெடுத்த ஊர் டெல்லியோ மும்பையோ சென்னையோ அன்று, திருச்சிதான். நாகப்பட்டினம் - பினாங்குத் தடத்தில் நெடுங்காலம் சென்றுவந்த அதே கூட்டத்தை நம்பியே அம்முடிவு எடுக்கப்பட்டது என்று கொள்வதே பொருத்தமாகும். உணவு, பெட்டி, இருக்கைத் தேர்வு ஆகியவற்றுக்குத் தனித்தனியே விலை வைத்து, அடிப்படைக் கட்டணத்தைக் குறைக்கும் இம்முறை, அக்காலத் தளப் பயணச் சீட்டின் வான்வழி வடிவமே.

இதற்கு மாறாக, அரசு 2016இல் அறிவித்த 'உடான்' திட்டம் உள்நாட்டுச் சிறுநகரங்களை நோக்கியது. ஒருமணி நேரப் பறத்தலுக்கு ஏறத்தாழ 2,500 ரூபாய் என்று ஒரு பகுதி இருக்கைகளுக்கு உச்சக் கட்டணம் வகுத்து, அதனால் விமான நிறுவனத்துக்கு நேரும் இழப்பை அரசு ஈடுசெய்வது அதன் முறை. 2018 மார்ச்சில் சேலம் - சென்னை விமானம் இவ்வாறே தொடங்கி, சில ஆண்டுகளில் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் சேலத்துக்கு விமானங்கள் வந்தன. போர்க்காலத்தில் பயன்பட்ட செட்டிநாடு ஓடுதளத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் காரைக்குடி வட்டாரத்தில் தொடர்ந்து எழுகிறது. ஆனால் இச்சீமையின் பயணம் என்றுமே சென்னையை நோக்கியதாக மட்டும் இருந்ததில்லை. ரயிலும் பேருந்தும் அப்பணியை இரவோடிரவாக முடித்துவிடும் நிலையில், செட்டிநாட்டிலிருந்து சென்னைக்கு மட்டும் பறக்கும் சிறு விமானம் மானியம் தீர்ந்ததும் நிலைப்பது அரிது. திருச்சி நிலையத்தில் பன்னாட்டுப் பயணிகள் உள்நாட்டுப் பயணிகளைவிட மிகுதியாக இருந்துவருவது இதற்குத் தக்க சான்று.

2024 சனவரி 2 அன்று அங்கு 1,100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளும் வகையில் அது அமைக்கப்பட்டுள்ளது. ஆயினும் ஓடுபாதையின் நீளம் இன்னும் 2,480 மீட்டராகவே இருப்பதால், நெடுந்தொலைவு செல்லும் அகன்ற உடல் விமானங்கள் முழுச்சுமையுடன் இயங்குவது கடினம். கட்டடத்துக்குக் கிடைத்த விரைவு ஓடுபாதைக்கும் கிடைத்திருக்க வேண்டும். இதனிடையே, 1947 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஏர் சிலோன் நிறுவனம் ஒருகாலத்தில் பறந்த திருச்சி - யாழ்ப்பாணம் வழித்தடம், 2025 மார்ச் இறுதியில் இண்டிகோவின் சிறு விசைச்சுழலி விமானத்தால் மீண்டும் உயிர்பெற்றது. உடான் திட்டம் சிறுநகரங்களுக்கென்று எண்ணிய அதே வகை விமானம், இப்பகுதியில் கடல் கடந்த பயணம் ஒன்றுக்குப் பயன்படுகிறது.