ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. ராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரையின் அட்டவணையில் இருந்திருக்க வேண்டிய எண் இது, எப்படியோ விட்டுப்போயிற்று. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்ணை அவர் உயர் பகு எண் என்று தனி வகையாக்கினார். 12-க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. விட்டுப்போன எண்ணுக்கோ 5040.

யூக்ளிட் காலம் தொட்டே கணிதத்தில் மரியாதையெல்லாம் பகா எண்களுக்குத்தான். பலவற்றால் வகுபடும் எண்கள் நிர்வாகத்தோடும் அளவைகளோடும் நின்றுவிட்டன: நாளுக்கு 60 நாழிகை, வட்டத்துக்கு 360 பாகை. பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ நூலில் ஒரு நகரத்துக்கு 5040 குடும்பங்கள் போதும் என்றார். 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் அது வகுபடும்; நிலம் பிரிக்கவும் வரி போடவும் படை திரட்டவும் தோது. அவருக்கு வேண்டியது ஒரு நல்ல எண். அத்தகைய எண்கள் எப்படி அமைந்திருக்கும் என்று கேட்டு, நிர்வாகியின் தேவையை ஒரு கோட்பாடாக்கியவர் ராமானுஜன். அவர் கட்டுரையின் உண்மையான சாதனை அந்தக் கேள்விதான் என்பேன்.

வெறும் கணக்குப் பட்டியல்தானே, இன்று கணினி நொடியில் போட்டுவிடுமே என்று கேட்கலாம். ஆனால் அந்த அட்டவணை 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 வரை போகிறது. ஒவ்வோர் எண்ணாகச் சோதித்து எந்த மனிதரும் அங்கே போய்ச் சேர முடியாது. 18-ஐப் பாருங்கள்: ஒரு 2, இரண்டு 3. அடுக்குகளை இடம் மாற்றினால் இரண்டு 2, ஒரு 3, அதாவது 12. காரணிகள் அதே ஆறு, எண் மட்டும் சிறிது. ஆக, உயர் பகு எண்ணில் பகா எண் பெரிதாகப் பெரிதாக அதன் அடுக்கு ஏறவே கூடாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 ஆகிய இரண்டைத் தவிர, எப்போதும் 1 தான் என்றும் அவர் நிறுவினார். இந்தச் சல்லடைகளைத் தாண்டியும் பல எண்கள் மிஞ்சும். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டாக வேண்டும். ஒன்று நழுவியதில் வியப்பில்லை. வேடிக்கை என்னவென்றால், நழுவியதை 23-ஆல் பெருக்கினால் வருவது அவர் பட்டியலின் கடைசி எண்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்தப் பொருள் கணிதத்தின் பிரதான நீரோட்டத்திலிருந்து விலகியது என்றே ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணிதர் ஹார்டியும் கருதினார். 1916-ல் ராமானுஜனுக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது இந்த ஆய்வுக்காகத்தான் என்றாலும், அவர் காலத்தில் ஹார்டியின் மதிப்பீடு தவறில்லை. பணமுடையில் இருந்த சங்கம் கட்டுரையின் ஒரு பகுதியை அச்சிடவில்லை; அது 1997-ல்தான் வெளிவந்தது. பகா எண்களின் பரவல் குறித்து இன்னும் நிறுவப்படாத ரீமன் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டு, ஓர் எண்ணின் காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்று அதில் ஆராய்ந்திருந்தார். அதற்குள், 1984-ல், பிரெஞ்சுக் கணிதர் கி ரோபேன் அதே கூட்டுத்தொகைக்கு ஒரு வரம்பு வகுத்து, 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களும் அதற்குள் அடங்கினால் ரீமன் கருதுகோள் உண்மை, ஒன்று மீறினாலும் பொய் என்று நிறுவிவிட்டார். அப்படி மீறும் எண் இருந்தால், அவற்றுள் மிகச் சிறியது, தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிக் கூட்டுத்தொகைக்கும் எண்ணுக்கும் உள்ள விகிதத்தில் மிஞ்சுவதாகவே இருக்க வேண்டும் என்று 2009-ல் நிறுவப்பட்டது. அந்த வகை எண்களும் 1915-ல் அச்சேறாத பக்கங்களில் இருந்தவைதான்.