சாகாத வலை

கெனசரேத்து ஏரிக்கரையில் ஆண்டவர் இயேசு சீமோனின் படகில் ஏறியபோது மீனவர்கள் தங்கள் வலைகளை அலசிக்கொண்டிருந்தனர் என்று லூக்கா நற்செய்தி கூறுகின்றது. இரவெல்லாம் பாடுபட்டும் ஒரு மீனும் அகப்படாத வலையை எதற்காக அலச வேண்டும்? மறையுரைகளில் இக்கேள்வி எழக் கேட்டதில்லை. மீன்பிடி ஊர்களில் பிறந்தோர்க்கு விடை தெரியும். அக்காலத்து வலை ஆளிச்செடியின் நாரை முறுக்கிப் பின்னியது. பாசியும் கழிவும் போக அலசி, வெயிலில் உலர்த்தாவிட்டால் மக்கிப்போகும். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவ்வேலை உண்டு. செபதேயுவின் மக்கள் அழைப்புப் பெற்றதும் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த வேளையில்தான்.

நம் கடற்கரையிலும் பாட்டனார் காலம்வரை இதே நிலைதான். பருத்தி நூல் வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறோ மரப்பட்டைச் சாயமோ ஏற்றித் துவர்ப்பூட்டுவார்கள். சாயம் வெளுத்தால் மீண்டும் ஏற்ற வேண்டும். இத்தனை பேணியும் வலைக்கு ஆயுள் குறைவே. கடலில் தவறிய வலை சில மாதங்களில் கடலோடு கடலாயிற்று. மீனவருக்கு அது இழப்பு, மீனுக்கு விடுதலை.

1935இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோத்தர்ஸ் என்னும் வேதியியலார் நைலானை உருவாக்கினார். மாதர் காலுறைக்கும், போர்க்காலத்தில் வான்குடைக்கும் பயன்பட்ட அவ்விழை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வலையாயிற்று. 1957இல் கொச்சியில் தொடங்கப்பெற்ற மத்திய மீன்தொழில்நுட்ப நிலையம் செயற்கை இழை வலைகளை ஆராய்ந்து பரிந்துரைத்தது. நைலானைப் பழிப்பது நம் நோக்கமன்று. சாயத் தொட்டியடியில் புகை குடித்த மக்களை அது விடுவித்தது, பாடும் பெருகியது. ஆனால் மக்காத நூல் எனும் வரத்தோடு ஒரு சாபமும் வந்ததை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பாறையிலோ மூழ்கிய கப்பலிலோ சிக்கி அறுந்த நைலான் வலை அங்கேயே விரிந்து நிற்கும். அதில் மாட்டிய மீன் சாகும், செத்த மீனைத் தின்ன நண்டு வரும், நண்டும் மாட்டும். வெறும் மணல் தரையாயின் நாளடைவில் பாசியேறி வலை படுத்துவிடும். கப்பற் சிதைவில் மாட்டியதோ ஆண்டுக்கணக்கில் நின்று பிடிக்கும். ஆங்கிலத்தில் இதனைப் பேய்வலை என்கின்றனர். பெயர் நமக்கு அத்துணை உடன்பாடன்று. பேய் என்பது செத்த பின் அலைவது. இந்த வலை சாகவே இல்லையே!

இதனை அகற்றத் தாமே முன்வந்தோருள் நெதர்லாந்து நாட்டவர் குறிப்பிடத்தக்கவர். வடகடலின் அடியில் இரு உலகப் போர்களிலும் புயல்களிலும் மூழ்கிய கப்பல்கள் ஏராளம். அவற்றைக் காண்பதற்கென்று பொழுதுபோக்காக முக்குளித்தவர்கள், கப்பலைக் காணாமல் வலையையே கண்டனர். 2009இல் பாஸ்கல் வான் எர்ப் என்பவரும் நண்பர்களும் துப்புரவு வேலையைத் தொடங்கினர். 2012இல் அது 'கோஸ்ட் ஃபிஷிங்' என்னும் அறக்கட்டளையாகி, பின்னர் 'கோஸ்ட் டைவிங்' எனப் பெயர் மாற்றிப் பல நாடுகளிலும் கிளைத்தது.

வேலை எளிதன்று. வடகடலில் நீரோட்டம் கடுமை. ஓதம் திரும்பும் இடைவேளையில் நீர் சற்றே அடங்கும்போதுதான் இறங்க முடியும். அடியில் வெளிச்சம் குறைவு. கலங்கல் எழுந்தால் கையருகே உள்ள கத்தியும் தெரியாது. மீனுக்கு விரித்த வலை மனிதனையும் விடாது. முதுகிலுள்ள காற்றுக்குப்பியின் திருகில் ஓர் இழை மாட்டினாலே போதும். ஆகவே தனியே எவரும் இறங்குவதில்லை. ஒருவர் அறுக்க மற்றவர் அவரைக் காத்து நிற்பார். அறுத்த வலையில் பைகளைக் கட்டிக் காற்றை நிரப்பினால் அது தானே மேலெழும், படகிலிருப்போர் இழுத்தேற்றுவர். தளத்தில் கிடக்கும் வலையிலிருந்து உயிருள்ள நண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கடலில் விடுவது கடைசி வேலை. கூலி கிடையாது, வார இறுதி ஓய்வுநாளைத்தான் பலரும் இதற்குக் கொடுக்கின்றனர்.

மேலே வந்த வலை குப்பைமேட்டுக்குப் போனால் பயனென்ன என்ற கேள்வி எழுந்தது. 2013இல் தோன்றிய 'ஹெல்த்தி சீஸ்' என்னும் அமைப்பு வலைகளைத் தரம்பிரித்து, ஏற்ற நைலானை ஸ்லோவேனியாவின் லுப்லியானாவிலுள்ள ஆலைக்கு அனுப்புகின்றது. அங்கே அது உருகிச் சிதைந்து மீண்டும் நூலாகின்றது. காலுறையாகத் தொடங்கிய பொருள் வலையாகிச் சுற்றி மறுபடியும் காலுறையாவதும் உண்டு.

ஒருவர் இறங்க மற்றவர் காக்கும் முறை முத்துக்குளித்துறை மக்களாகிய நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் கல்லைக் காலில் பற்றி, ஒரே மூச்சில் பாருக்கு இறங்கினர். உயிர் படகிலிருந்து கயிறு பிடிப்பவர் கையில் இருந்தது. தங்கை தாலியிழக்கலாகாதே என்று மனைவியின் உடன்பிறந்தாரே கயிற்றைப் பிடிப்பார் என முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் நைலான் நம் கரைக்கு வந்தது. முத்தெடுக்க மனிதர் இறங்காமற்போன மன்னார் வளைகுடாவில் வலை இறங்கிவிட்டது. இன்று பவளப்பாறைகளின் மேல் அறுந்த வலைத்துண்டுகள் கிடக்கின்றன.

இதைப் படிப்போர் மீனவரைக் குற்றவாளியாக்கிவிடக் கூடாது. தங்கூசி வலை சும்மா வருவதன்று. நகையை அடகு வைத்தும் வியாபாரியிடம் முன்பணம் பெற்றும் வாங்கியது. அதை வேண்டுமென்றே எறிவார் யார்? கரையோர மீனவர் விரித்த வலையை விசைப்படகு அறுத்துச் சென்ற வழக்குகள் எத்தனை! அப்பூசல்களின் விளைவாகவே 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடுத்தது. 1988இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கப்பல் மாசுத்தடுப்பு விதியும், செயற்கை இழை வலையைக் கடலில் எறிவதைத் தடை செய்தபோது, தக்க முன்னெச்சரிக்கையோடிருந்தும் நேரும் இழப்பை விலக்கியே வைத்தது. எறிந்தவர் வேறு, இழந்தவர் வேறு.

2018இல் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு வலைகளுக்கு அடையாளமிடும் நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. யாருடைய வலை என்று தெரிந்தால் தவறிய இடத்தை உடனே அறிவிக்கலாம். எடுத்த வலையை உடையவரிடம் சேர்க்கலாம். கட்டாயச் சட்டமன்று, விரும்பும் நாடுகள் கைக்கொள்ளலாம். நம் கரையில் இது பற்றிப் பேச்செழும்போதெல்லாம், அடையாளம் அபராதத்துக்கா, திருப்பிக் கொடுப்பதற்கா என்றே மீனவர் முதலில் கேட்பர். கேட்பதில் நியாயம் இருக்கின்றது.