உயில் மெய்ப்பிதழ்

உயில் மெய்ப்பிதழ் என்பது, இறந்தவர் எழுதிவைத்த உயில் உண்மையானது எனவும் சட்டப்படி நிறைவேற்றப்பட்டது எனவும் நீதிமன்றம் தன் முத்திரையுடன் வழங்கும் சான்றாகும். உயிலின் படி இச்சான்றுடன் இணைக்கப்படும். உயிலில் பெயர் குறிக்கப்பட்ட நிறைவேற்றாளருக்கு இறந்தவரின் சொத்துக்களை நிருவகிக்கும் அதிகாரத்தை இது உறுதி செய்கிறது. வழக்கில் இது புரொபேட் என்றே அழைக்கப்படுகிறது. இந்தியாவில் 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் இது வழங்கப்படுகிறது. பழைய சென்னை நகர எல்லையுடன் தொடர்புடைய இந்துக்களின் உயில்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டாயமாக இருந்த இச்சான்று, 2025 டிசம்பரில் கட்டாயம் அல்லாததாக ஆக்கப்பட்டது.

வரலாறு

ஆங்கிலேயரின் நீதிமன்ற முறையுடன் புரொபேட் இந்தியாவுக்கு வந்தது. 1862 இல் நிறுவப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்துக்கு உயில் தொடர்பான அதிகாரம் அளிக்கப்பட்டது. 1870 ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம், வங்காளத்திலும் சென்னை, பம்பாய் நகரங்களிலும் 1870 செப்டம்பர் 1 முதல் இந்துக்கள் எழுதும் உயில்களை இம்முறைக்குள் கொண்டுவந்தது. பின்னர் இவ்விதிகள் 1925 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. அச்சட்டத்தின் 213 ஆம் பிரிவின்படி, மெய்ப்பிதழ் இன்றி நிறைவேற்றாளரோ உயிலால் பயன்பெறுபவரோ தம் உரிமையை எந்த நீதிமன்றத்திலும் நிலைநாட்ட இயலாதிருந்தது.

வடசென்னையும் எல்லைக்கோடும்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மூல உரிமையியல் அதிகார எல்லைக்குள் எழுதப்பட்ட உயிலுக்கும், அவ்வெல்லைக்குள் உள்ள அசையாச் சொத்தைப் பற்றிய உயிலுக்கும் இவ்விதி பொருந்தியது. கொருக்குப்பேட்டை, தண்டையார்ப்பேட்டை, இராயபுரம் ஆகியவை பழைய நகரப் பகுதிகள். எனவே கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டை உயில் மூலம் பெற்ற இந்துக் குடும்பத்துக்கு மெய்ப்பிதழ் தேவைப்பட்டது. சில கிலோமீட்டர் வடக்கே, திருவொற்றியூரில் உள்ள வீட்டைப் பற்றி அங்கேயே எழுதப்பட்ட உயிலுக்கு அது தேவைப்படவில்லை. திருவொற்றியூர் 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. எனினும் மாநகராட்சி எல்லையும் உயர் நீதிமன்றத்தின் மூல அதிகார எல்லையும் ஒன்றல்ல.

ஒரே தெருவிலும் சமயத்துக்கு ஏற்ப விதி வேறுபட்டது. முசுலிம்களின் உயில்களுக்கு 213 ஆம் பிரிவு பொருந்தவில்லை. இந்தியக் கிறித்தவர்களுக்கு 2002 ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கு அளித்தது. இராயபுரத்தில் 1910 இல் கட்டப்பட்ட தீக்கோயிலைக் கொண்ட பார்சி சமூகத்தினருக்கு, 1962 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், இந்துக்களுக்கு உள்ளது போன்ற எல்லை விதி ஏற்பட்டது. 213 ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது அன்று என உச்ச நீதிமன்றம் 2001 இல் கிளாரன்சு பயசு வழக்கில் தீர்ப்பளித்தது.

வழங்கும் முறை

சென்னையில் நிறைவேற்றாளர் உயர் நீதிமன்றத்தின் மூல அதிகாரப் பிரிவில் மனு தாக்கல் செய்கிறார். மூல உயில், இறப்புச் சான்றிதழ், சொத்து விவரப் பட்டியல், உயிலில் சாட்சிக் கையொப்பம் இட்டவருள் ஒருவரின் உறுதிமொழி ஆவணம் ஆகியவை இணைக்கப்படுகின்றன. உறவினர்களுக்கு அறிவிப்பு அனுப்பப்படுகிறது. நாளிதழிலும் அறிவிப்பு வெளியிடப்படுவது வழக்கம். எவரும் எதிர்க்காவிடில் சாட்சியத்தின் அடிப்படையில் ஆணை பிறப்பிக்கப்படுகிறது. உறவினர் எவரேனும் கேவியட் தாக்கல் செய்து எதிர்த்தால், மனு வழக்காக மாற்றப்பட்டு முழு விசாரணை நடைபெறுகிறது.

காத்திருப்புக் காலம்

இறந்த நாளிலிருந்து ஏழு நாட்கள் கழியும் முன் மெய்ப்பிதழ் வழங்கக்கூடாது என்பதே சட்டம் விதிக்கும் காத்திருப்பு ஆகும். நடைமுறையில் அறிவிப்பு, சாட்சியம், நீதிமன்றக் கட்டணம் ஆகியவற்றுக்கு மாதங்கள் ஆகின்றன. எதிர்ப்பு இருந்தால் ஆண்டுகள் ஆகின்றன.

இக்காலத்தில் சொத்து உரிமையாளர் இல்லாமல் கிடப்பதில்லை. இறந்தவரின் சொத்து, அவர் இறந்த நாள் முதலே நிறைவேற்றாளரிடம் சட்டப்படி சேர்கிறது. அவர் வாடகை வசூலிக்கலாம், வரி செலுத்தலாம், வீட்டைப் பழுதுபார்க்கலாம். ஆனால் கட்டாய விதி நடைமுறையில் இருந்தபோது, வாடகைதாரருக்கு எதிராக அவர் வழக்குத் தொடுத்தாலும் மெய்ப்பிதழைக் காட்டும் வரை தீர்ப்பாணை பெற இயலவில்லை. வீட்டை வாங்க முன்வருபவரும் கடன் வழங்கும் வங்கியும் இதே ஆவணத்தைக் கேட்பது வழக்கமாயிற்று. எதிர்ப்பு வழக்கு நீடிக்கும்போது, சொத்தைக் காக்க ஓர் இடைக்கால நிருவாகியை நீதிமன்றம் நியமிக்கலாம். அவர் சொத்தைப் பங்கிட இயலாது.

தாமதம் உயிலையே வலுவிழக்கச் செய்யக்கூடும். சாட்சிகள் இறந்துவிட்டால் அவர்களது கையெழுத்தை அறிந்தவர்களைக் கொண்டு உயிலை மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. நிறைவேற்றாளர் இடையில் இறந்தால் அவருடைய உரிமை அவருடைய பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. பயன்பெறுபவர், உயில் இணைந்த நிருவாக உரிமை ஆவணத்தைக் கோர வேண்டும். நீண்ட காலம் கழித்துத் தாக்கல் செய்யப்படும் மனு ஐயத்துக்கு இடமளிக்கும் என்றும், மனுதாரர் அத்தாமதத்துக்கு விளக்கம் அளிக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2008 இல் குறிப்பிட்டது.

சான்றின் பயனும் வரம்பும்

மெய்ப்பிதழ் வழங்கப்பட்டதும், உயில் எழுதியவர் இறந்த நாள் முதலே உயில் நிலைபெற்றதாகக் கருதப்படுகிறது. நிறைவேற்றாளர் இடைக்காலத்தில் அப்பொறுப்பில் செய்த செயல்களும் செல்லுபடியாகின்றன. அதன்பின் அவர் ஆறு மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் கணக்கையும் நீதிமன்றத்தில் அளிக்க வேண்டும். எனினும் மெய்ப்பிதழ் உயிலின் உண்மையை மட்டுமே உறுதி செய்கிறது. அச்சொத்து இறந்தவருக்கு உரியதுதானா என்ற வினாவை அந்நீதிமன்றம் தீர்ப்பதில்லை என்று 1993 இல் சிரஞ்சிலால் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

உயில் இல்லாதபோது

உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்துக்கு நிருவாக உரிமை ஆவணம் வழங்கப்படுகிறது. 2016 டிசம்பர் 5 அன்று இறந்த முன்னாள் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவின் சொத்துக்கள் தொடர்பில், சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதத்தில் அவருடைய அண்ணன் பிள்ளைகளான தீபா, தீபக் ஆகியோருக்கு இவ்வாவணத்தை வழங்க ஆணையிட்டது.

2025 ஆம் ஆண்டுத் திருத்தம்

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்க, திருத்தச் சட்டம் 213 ஆம் பிரிவை நீக்கியது. இதனால் கொருக்குப்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் இடையே, சமயத்துக்கும் சமயத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு இவ்வகையில் மறைந்தது. மெய்ப்பிதழ் வழங்கும் முறை நீக்கப்படவில்லை. விரும்புவோர் தொடர்ந்து மனு செய்யலாம். இரண்டு சாட்சிகளின் கையொப்பம் தேவை என்ற விதியும், உயிலை முன்வைப்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதியும் மாறவில்லை. உறவினர் எவரேனும் உயிலை மறுத்தால், அதன் உண்மை இன்றும் நீதிமன்றத்திலேயே முடிவு செய்யப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

உயில்
வாரிசுச் சான்றிதழ்
சென்னை உயர் நீதிமன்றம்
கொருக்குப்பேட்டை