பிரெஞ்சு ஹார்ன் தனி வகுப்பு ஆசிரியராக விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் சேரும் பிள்ளை, பேண்டு வாத்தியக் குழுவில் பெயர் கொடுக்கிறது. பெரும்பாலோரின் கண் டிரம்பெட், சாக்சபோன், டிரம் மீதுதான். அவை எல்லாம் போன பிறகு மிஞ்சுவது, நத்தைபோல் சுருண்ட பித்தளைக் குழாய் ஒன்று. அதுதான் பிரெஞ்சு ஹார்ன். வாங்கிய பிள்ளை ஊதிப் பார்க்கிறது. நினைத்த சுரம் வராமல் பக்கத்துச் சுரம் வருகிறது. குழு ஆசிரியரோ ஒருவராக அத்தனை பேரையும் கவனிக்க வேண்டியவர். சில மாதங்களில், "எனக்கு இசை வராது" என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது.

அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. ஹார்னை அறிந்த ஒருவர் வாரம் ஒருமுறை பக்கத்தில் அமர்ந்து கேட்டால் போதும், நிலைமை மாறும். அந்தப் பணியைச் செய்பவரே தனி வகுப்பு ஆசிரியர். பள்ளிக் காலத்தில் ஹார்ன் வாசித்து, அதைக் கைவிட மனமில்லாமல் இருக்கும் நம் இளைஞர்களுக்காக இந்த விவரங்களைத் தருகிறோம்.

வாத்தியத்தின் இயல்பு

நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்ந்து ஒலி பிறக்கிறது. ஹார்னில் சீவாளி கிடையாது. ஊதுபவரின் உதடுகளே மவுத்பீசுக்குள் அதிர்கின்றன. தமிழ்நாட்டுக் கோயில் விழாக்களில் ஊதப்படும் கொம்பும் இதே முறையில்தான் ஒலிக்கிறது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் கொம்பில் சில சுரங்களை மட்டுமே எழுப்பலாம். ஐரோப்பாவில் வேட்டைக் கொம்பாக இருந்த ஹார்னும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. 1810களில் ஜெர்மனியில் வால்வு கண்டுபிடிக்கப்பட்ட பிறகே எல்லாச் சுரங்களும் கைக்கு எட்டின. 1897இல் ஃபிரிட்ஸ் குருஸ்பே என்ற ஜெர்மானியர், எஃப், பி பிளாட் ஆகிய இரண்டு ஹார்ன்களையும் ஒன்றாக இணைத்த இரட்டை ஹார்னை உருவாக்கினார். இன்று பரவலாக வாசிக்கப்படுவது அந்த வகையே. பெயரில் பிரெஞ்சு இருந்தாலும் அமைப்பு ஜெர்மானியம். அதனால்தான் அனைத்துலக ஹார்ன் சங்கம் 1971இல், இதை வெறும் 'ஹார்ன்' என்றே அழைக்கப் பரிந்துரைத்தது.

எஃப் ஹார்னின் குழாயை நீட்டினால் ஏறக்குறைய 3.7 மீட்டர் வரும். டிரம்பெட்டின் குழாய் 1.5 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஹார்னில் வழக்கமாக வாசிக்கப்படும் மேல் பகுதியில் சுரங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. விரல் சரியான வால்வை அழுத்தியிருந்தாலும், உதடு ஒரு நூல் பிசகினால் அடுத்த சுரம் ஒலித்துவிடும். பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசிக்கும் கலைஞர்களுக்கும் இது நேர்கிறது.

ஆசிரியர் முதல் நாளே பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டியது இதுதான். சுரம் தவறுவதைச் சோம்பேறித்தனம் என்றோ திறமைக் குறைவு என்றோ எண்ணக் கூடாது. சுரம் முதலில் காதில் ஒலிக்க வேண்டும், பிறகுதான் உதட்டுக்கு வரும். ஆகவே எந்த வரியையும் முதலில் பாடச் சொல்லுங்கள், அதன் பிறகு ஊதச் சொல்லுங்கள். தேவார வகுப்பில் பாடிப் பழகிய பிள்ளைக்கு இது நன்றாகவே கைகொடுக்கும்.

என்ன தகுதி வேண்டும்?

ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி ஆகிய பிரிட்டிஷ் அமைப்புகள் நடத்தும் தேர்வுகளே நம் வட்டாரத்தில் பரவலாக அறியப்பட்டவை. இரண்டிலும் முதல் நிலையிலிருந்து எட்டாம் நிலை வரை உண்டு. ஏபிஆர்எஸ்எம் செய்முறைத் தேர்வில் ஆறாம் நிலைக்குச் செல்ல, ஐந்தாம் நிலை இசைக் கோட்பாட்டுத் தேர்விலோ அதற்கு ஈடான வேறொன்றிலோ தேறியிருக்க வேண்டும். எட்டாம் நிலையை முடித்துவிட்டுத் தொடக்க மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்குவது நல்லது. அதன் பிறகு டிப்ளோமாவுக்கு முயலலாம். முழுநேரமாகப் படிக்க விரும்புவோருக்குத் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும், சிங்கப்பூரில் நன்யாங் நுண்கலைக் கழகம், யோங் சியூ தோ இசைக் கல்லூரி ஆகியவற்றிலும் இசைப் படிப்பு உண்டு. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பயிற்றுநராகப் பணிபுரிவோர் கல்வி அமைச்சில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

சான்றிதழ் மட்டும் ஒருவரை ஆசிரியராக்கிவிடாது. நன்றாக வாசிப்பவர் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க வந்துவிடுவதில்லை. அனுபவமுள்ள ஓர் ஆசிரியரிடம் அனுமதி பெற்று, அவருடைய வகுப்புகளில் சில வாரம் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். சின்னச் சின்ன வேலைகளும் தெரிந்திருக்க வேண்டும். ஹார்னின் சுழல் வால்வுகள் பலவற்றில் மெல்லிய கயிறு கட்டியிருக்கும். அது அறுந்தால் அந்த வால்வு அசையாது. புதுக் கயிறு கட்டத் தெரிந்த ஆசிரியர், போட்டிக்கு முதல் நாள் ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிடுவார்.

தொடக்க வகுப்புகள்

முன்பற்கள் முழுமையாக முளைத்த பிறகு, ஏறத்தாழ பத்து வயதுக்கு மேல் தொடங்குவது பொருத்தம். மவுத்பீஸ் பொதுவாக மேல் உதட்டில் மூன்றில் இரண்டு பங்கும் கீழ் உதட்டில் ஒரு பங்கும் படியும்படி வைக்கப்படும். இடக்கை வால்வுகளை இயக்கும். வலக்கை ஹார்னின் விரிந்த வாய்க்குள் இருக்கும். அந்தக் கையின் நிலை மாறினால் சுருதியும் நாதமும் மாறும்.

முதல் சில மாதங்களில் பாட்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். நீண்ட சுரம், மூச்சு, வால்வை அழுத்தாமல் உதட்டால் மட்டும் சுரம் மாற்றும் பயிற்சி ஆகிய மூன்றும் போதும். உதட்டுத் தசை சீக்கிரம் களைத்துவிடும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஊதுவதைவிட, காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் ஊதுவது அதிகப் பலன் தரும். பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைக்கு உதடு வலிக்கும். சில வாரங்களுக்கு மேல் சுரங்களைத் தவிர்த்து, மவுத்பீசை அழுத்தாமல் ஊதப் பழக்குங்கள்.

கருவி இல்லாத பிள்ளை

தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பெரிய தடை இதுதான். ஹார்ன் விலை உயர்ந்தது. பள்ளிக் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைக்காமலும் போகலாம். பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து பள்ளி முதல்வரைச் சந்தித்து, கருவிக்குப் பொறுப்பேற்பதாக எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், ஒரு மவுத்பீஸ் மட்டும் வாங்கிக் கொடுக்கலாம். அதில் உதட்டை அதிரவைத்துப் பாட்டின் மெட்டை ஊதுவதும் பயிற்சியே. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் ஒலியைக் குறைக்கும் பயிற்சி மியூட்டைப் பயன்படுத்தினால் அண்டை வீட்டாரோடு சண்டை வராது.

கட்டணமும் ஒழுங்கும்

ஹார்ன் மாணவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே செய்யும் வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். வார இறுதியில் இரண்டு மூன்று மாணவர்களோடு தொடங்குங்கள். பள்ளிக் குழுக்களின் ஹார்ன் பிரிவுக்குப் பயிற்சி அளிப்பதும், டிரம்பெட் போன்ற பித்தளை வாத்தியங்களின் தொடக்கப் பாடம் எடுப்பதும் வருமானத்தை நிலைப்படுத்தும். மாதக் கட்டணம், வராத நாளுக்கு மாற்று வகுப்பு, தேர்வுக் காலத்தில் விடுப்பு ஆகியவற்றை முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். உறவினர் பிள்ளை என்றாலும் இதில் மாற்றம் வேண்டாம்.

வகுப்பறைக் கதவு திறந்தே இருக்கட்டும். பெற்றோர் எந்த நேரமும் வந்து உட்காரலாம் என்று சொல்லுங்கள். மூச்சையும் உடல் நிலையையும் திருத்தும்போது பிள்ளையைத் தொடாமல், உங்கள் உடலிலேயே செய்து காட்டுங்கள். மாணவரோடு கைப்பேசித் தகவல் பரிமாற்றம் பெற்றோரும் இருக்கும் குழுவிலேயே நடக்கட்டும்.

வழிகாட்டியின் வேலை

எஸ்.பி.எம். ஆண்டு வந்ததும் ஹார்னை நிறுத்திவிடச் சொல்லும் பெற்றோர் உண்டு. அவர்களோடு வாதாட வேண்டாம். வகுப்பை மாதம் இரண்டாகக் குறைத்து, தொடர்பு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலேசிய பில்ஹார்மோனிக் இளையோர் ஆர்க்கெஸ்ட்ரா, சிங்கப்பூர் தேசிய இளையர் ஆர்க்கெஸ்ட்ரா போன்றவை தேர்வு வைத்தே இளையோரைச் சேர்க்கின்றன. தயாரான மாணவருக்கு விண்ணப்பம் நிரப்பவும், தேர்வாளர் முன் நின்று வாசித்துப் பழகவும் உதவுங்கள். தேர்வாகாமல் திரும்பினால் அடுத்த வாரமே வகுப்புக்கு அழையுங்கள்.

மாணவர் முன் நீங்களும் வாசியுங்கள். உங்களுக்கும் சுரம் தவறும். அப்போது முகம் சுளிக்காமல் அடுத்த வரிக்குப் போவதைப் பிள்ளை பார்க்கட்டும். "எனக்கு இசை வராது" என்று சொல்லி ஒதுங்கும் பிள்ளையை மீண்டும் கருவியைத் தூக்க வைப்பது, பெரும்பாலும் அந்த ஒரு காட்சிதான்.