ஒற்றர் புனைகதை

ஒற்றர் புனைகதை என்பது, பெயரையும் ஊரையும் தொழிலையும் மாற்றிக்கொண்டு மறைவாகச் செயல்படும் ஓர் ஆளை நடுவில் வைத்து எழுதப்படும் கதை வகை. துப்பறியும் கதைக்கு இது நெருங்கிய உறவு. ஆனால் துப்பறிபவர் நடந்து முடிந்த குற்றத்தின் பின்னால் போகிறார். ஒற்றரோ இன்னும் நடக்காத ஒன்றை முன்னிட்டு வேறொருவராக வாழ்கிறார். ஆகவே இக்கதையில் பாத்திரப் படைப்பு இரண்டு அடுக்கில் நடக்கிறது. எழுத்தாளர் ஒற்றரைப் படைக்கிறார். அந்த ஒற்றர் தன் போலி வாழ்வைப் படைக்கிறார். இருபதாம் நூற்றாண்டு பிரிட்டனில் இவ்வகை இவ்வளவு செழித்ததற்கு முதன்மைக் காரணம், இரண்டு வேலைகளையும் பலமுறை ஒரே ஆட்களே செய்ததுதான். சாமர்செட் மாம், கிரகாம் கிரீன், இயான் ஃபிளெமிங், ஜான் லெ காரே ஆகிய நால்வரும் உளவுப் பணியில் இருந்தவர்கள்.

ஒற்றரின் வேடம் பற்றிய சிந்தனை மிகப் பழையது. அர்த்தசாஸ்திரம் மாணவர், துறவி, இல்லறத்தார், வணிகர் என்று ஒற்றர்களின் போர்வைகளை வகை பிரிக்கிறது. திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடல், துறவி வேடத்தையும், ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்ப்பதையும், ஒருவரை ஒருவர் அறியாதபடி அவர்களை ஆள்வதையும் பேசுகிறது. இன்றைய உளவுக் கதைகள் நிற்பதும் இந்த விதிகளின் மேல்தான். ஆனால் ஒற்றரையே நாயகராக்கிய நாவல் 1821இல்தான் வந்தது. ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் எழுதிய ‘தி ஸ்பை’ அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்துக் கதை. ஹார்வி பர்ச் என்ற ஊர் சுற்றும் வியாபாரியை எல்லாரும் பிரிட்டிஷ் கையாள் என்று வெறுக்கிறார்கள்; உண்மையில் அவர் வாஷிங்டனின் ஆள். கூலியாகக் கொடுத்த தங்கத்தை மறுத்து, பழிப்பெயரோடே வாழ்ந்து, சாகும்போதுதான் அவர் யார் என்பது வெளிப்படுகிறது. தன் நாட்டாரின் வெறுப்பையே போர்வையாக அணிந்த அந்த ஆளிடமிருந்துதான் பிற்காலத்து ஒற்றர் பாத்திரங்கள் பல கிளைத்தன.

இந்தியாவை முதன்மைக் களமாகக் கொண்ட ருட்யார்ட் கிப்ளிங்கின் ‘கிம்’ (1901) இன்னொரு தொடக்கம். மத்திய ஆசியாவில் பிரிட்டனும் ரஷ்யாவும் மோதிக்கொண்டிருந்த காலம். லாகூர் தெருக்களில் வளரும் அநாதைச் சிறுவன் கிம்மை, நில அளவை, இனவியல் ஆய்வு என்ற திரைக்குப் பின்னால் இயங்கும் உளவு அமைப்பு தன் ஆளாக வளர்க்கிறது. சிம்லாவில் அந்த அமைப்பைச் சேர்ந்த லுர்கனின் கடையில் தட்டில் பரப்பிய ரத்தினக் கற்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மூடியபின் ஒவ்வொன்றையும் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். ‘புதிய ஒற்றர் பயிற்சி பெறும் காட்சி’ என்ற மரபுக்கு இதைவிட அழகான மூலம் கிடையாது. இதற்கு உண்மை வரலாற்றிலும் வேர் உண்டு. இந்திய நில அளவைத் துறை டேராடூனில் பயிற்சி கொடுத்து, ‘பண்டிட்’கள் எனப்பட்ட இந்தியர்களை யாத்திரிகர் வேடத்தில் திபெத்துக்கு அனுப்பியது. அவர்களில் புகழ்பெற்றவர் நைன் சிங் ராவத். 1866இல் லாசாவை அடைந்த அவர், வழக்கமான 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள் கோத்த ஜெபமாலையால் காலடிகளை எண்ணித் தொலைவை அளந்தார். குறிப்புகளைப் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ஒளித்தார். பேரரசுக்குச் செய்யும் வேலைக்கும் உடன் பயணிக்கும் திபெத்திய லாமா மீது கிம் கொண்ட அன்புக்கும் இடையே ஒரு முரண்பாட்டையே கிப்ளிங் காணவில்லை என்று விமர்சகர் எட்வர்ட் சயீத் சுட்டியது நியாயம். ஆயினும் எத்தனை வேடத்துக்கும் அடியில் தான் யார் என்று கிம் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி, பின்னால் வந்த நல்ல ஒற்றர் கதை ஒவ்வொன்றிலும் கேட்கிறது.

அடுத்த பத்தாண்டில் புனைவு ஓர் அரசுத் துறை பிறக்கவே துணைபோனது. எர்ஸ்கின் சில்டர்ஸின் ‘தி ரிடில் ஆஃப் தி சாண்ட்ஸ்’ (1903) ஜெர்மனியின் ஃபிரீசியத் தீவுகளுக்கிடையே படகோட்டும் இரண்டு நண்பர்கள் படையெடுப்புத் திட்டம் ஒன்றைக் கண்டுபிடிப்பதைச் சொல்கிறது. அதன் கடற்பகுதி வரைபடங்களும் வற்று நீர்க் கணக்கும் அவ்வளவு துல்லியம். வில்லியம் லெ க்யூவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. 1909இல் வந்த அவருடைய ‘ஸ்பைஸ் ஆஃப் தி கைசர்’, நாடு முழுதும் ஜெர்மன் உளவாளிகள் சிகையலங்காரக்காரராகவும் உணவக ஊழியராகவும் பரவியிருக்கிறார்கள் என்ற பீதியைக் கிளப்பியது. வாசகர்கள் தாங்கள் கண்ட ‘உளவாளி’களைப் பற்றிக் கடிதங்களைக் குவித்தார்கள். அந்தப் பீதியின் நடுவே, அதே ஆண்டில், பிரிட்டிஷ் அரசு இரகசியச் சேவைப் பிரிவைத் தொடங்கியது; எம்.ஐ.5 (உள்நாடு), எம்.ஐ.6 (வெளிநாடு) இரண்டும் அதிலிருந்து பிரிந்தவை. வெளிநாட்டுப் பிரிவின் முதல் தலைவர் மேன்ஸ்ஃபீல்ட் கமிங், பச்சை மையில் ‘சி’ என்று கையெழுத்திட்டார். ஒற்றைப் பச்சை எழுத்துக்குப் பின்னால் மறைந்த அந்த மேலதிகாரி பின்னாளில் கதைகளுக்குள் நிலையாகக் குடியேறினார். ஜோசஃப் கான்ராடின் ‘தி சீக்ரெட் ஏஜென்ட்’ (1907) மட்டும் இந்தப் பரபரப்பிலிருந்து விலகி நின்றது. 1894இல் கிரீனிச் வானாய்வுக்கூடத்தருகே நடந்த குண்டுவெடிப்பிலிருந்து அது பிறந்தது. அதில் வரும் வெர்லாக் சோம்பேறி, குடும்பஸ்தர், கடை வைத்திருப்பவர். அவருடைய வேலையால் அழிவது அவர் வீடுதான். ஜான் பக்கனின் ‘தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’ (1915) எதிரியும் போலீசும் ஒருசேரத் துரத்தும் அப்பாவி மனிதனை நிலைநிறுத்தியது. 1935இல் ஹிட்ச்காக் அதைப் படமாக்கினார்.

உள்ளிருந்து எழுதும் மரபு சாமர்செட் மாமிடம் தொடங்குகிறது. முதல் உலகப் போரில் ஜெனீவாவில் நாடகாசிரியர் என்ற உண்மையான தொழிலையே போர்வையாக்கி ஒற்று வேலை பார்த்த அவர், 1917இல் ரஷ்யாவுக்கும் அனுப்பப்பட்டார். 1928இல் வந்த ‘ஆஷென்டன்’ கதைகளில் காத்திருப்பும் சலிப்பும்தான் அதிகம். அனுப்பிய தகவல் எங்கே போனது, என்ன விளைந்தது என்பது ஒற்றருக்குத் தெரிவதே இல்லை. முப்பதுகளில் எரிக் ஆம்ப்லர் இந்த மங்கிய வெளிச்சத்தை இன்னும் அடர்த்தியாக்கினார். ‘தி மாஸ்க் ஆஃப் டிமிட்ரியோஸ்’ (1939) நாவலில் துப்பறியும் கதை எழுதும் ஒருவர், இஸ்தான்புல் பிணவறையில் பார்த்த சடலத்தின் வாழ்க்கையைத் தேடிப் போய் ஐரோப்பாவின் இருட்டுக்குள் சிக்குகிறார்.

பாத்திரப் படைப்பின் உச்சம் எந்த நாவலிலும் இல்லை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. இரண்டாம் உலகப் போரின் கோப்புகளில்தான் அது இருக்கிறது. 1943 ஏப்ரலில் ஸ்பெயினின் உவெல்வாக் கடற்கரையருகே பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று ஒரு சடலத்தைக் கடலில் விட்டது. மேஜர் வில்லியம் மார்ட்டின் என்ற அந்த அதிகாரி உலகில் இருந்ததே இல்லை. உளவு அதிகாரிகளான யூவென் மான்டேகுவும் சார்ல்ஸ் சம்லியும் அவரை உருவாக்கினார்கள். சட்டைப் பையில் பாம் என்ற காதலியின் புகைப்படமும் கடிதங்களும், நிச்சய மோதிரத்துக்கான ரசீதும், கணக்கில் இருப்பைவிட அதிகம் எடுத்ததற்காக வங்கி எழுதிய கடிதமும், நாடகக் கொட்டகையின் கிழித்த நுழைவுச்சீட்டுகளும். கடன் வாங்கியாவது காதலிக்கு மோதிரம் வாங்கும் மனிதன் அந்தக் காகிதங்களிலிருந்தே எழுந்து நிற்கிறான். அவனை நம்பியவர்கள், அவன் கைப்பெட்டியில் இருந்த கிரேக்கத் தரையிறக்கத் திட்டத்தையும் நம்பினார்கள். நேச நாட்டுப் படைகள் ஜூலையில் சிசிலியில் இறங்கின. சடலத்தைக் கொண்டு ஏமாற்றும் யோசனை 1939இலேயே கடற்படை உளவுத் துறைக் குறிப்பொன்றில் இடம்பெற்றிருந்தது. பேசில் தாம்சன் எழுதிய துப்பறியும் நாவலிலிருந்து எடுத்தது என்று அக்குறிப்பே சொல்கிறது. அதைத் தயாரிப்பதில் பங்கு கொண்ட உதவியாளர் இயான் ஃபிளெமிங்.

பார்சிலோனாவைச் சேர்ந்த ஹுவான் புஜோல் கார்சியா இன்னும் ஒரு படி மேலே போனார். பிரிட்டனில் இருப்பதாகச் சொல்லி, லிஸ்பனில் உட்கார்ந்தபடி வழிகாட்டிப் புத்தகங்களையும் பிற அச்சுத் தகவல்களையும் வைத்து ஜெர்மானியர்களுக்கு அறிக்கைகள் எழுதினார். பிறகு பிரிட்டன் அவரைச் சேர்த்துக்கொண்டு ‘கார்போ’ என்று பெயரிட்டது. அவருடைய கற்பனையில் 27 துணை ஒற்றர்கள் பிறந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஊர், குணம், செலவுக் கணக்கு எல்லாம் உண்டு. லிவர்பூலில் இருந்த ஒருவரைச் சாகடிக்க வேண்டி வந்தபோது செய்தித்தாளில் இரங்கல் அறிவிப்பு வந்தது. அவருடைய ‘விதவை’க்கு ஜெர்மனி உதவித்தொகை கொடுத்தது. நார்மண்டித் தரையிறக்கம் வெறும் திசைதிருப்பல், உண்மைத் தாக்குதல் கலேயில் வரும் என்று ஹிட்லரின் தளபதிகளை நம்பவைத்ததில் கார்போவுக்குப் பெரும் பங்கு. 1944இல் ஜெர்மனியின் இரும்புச் சிலுவையும் பிரிட்டனின் எம்.பி.இ. பட்டமும் அவரை வந்தடைந்தன. எம்.ஐ.6இல் போர்த்துகல் பிரிவைக் கவனித்த கிரகாம் கிரீன், இல்லாத ஒற்றர்களைக் கணக்கில் காட்டிப் பணம் பண்ணியவர்களை நன்கறிந்தவர். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் படத்தை ஆயுதத் திட்டமாக விற்கும் வார்மோல்ட், ‘அவர் மேன் இன் ஹவானா’ (1958) வழியாக அப்படித்தான் வந்து சேர்ந்தார்.

ஃபிளெமிங் 1953இல் ‘கேசினோ ராயல்’ நாவலோடு ஜேம்ஸ் பாண்டைக் கொண்டுவந்தார். மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றி நூல் எழுதிய அறிஞர் ஒருவரின் பெயர் அது. சுவையற்ற சாதாரணப் பெயராக இருந்ததாலேயே அதைத் தேர்ந்தார். பாண்டின் மனம் நமக்கு அதிகம் காட்டப்படுவதில்லை. குடிக்கும் பானம், மூன்று பொன் வளையமிட்ட சிகரெட், பென்ட்லி கார் என்ற பொருள்களே அவனை நிறைக்கின்றன. பாண்ட் வைத்திருக்கும் பெரெட்டா பெண்களுக்கான துப்பாக்கி என்று ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற வாசகர் எழுதியதும், ‘டாக்டர் நோ’வில் அது வால்தர் பிபிகே ஆனது; அதைக் கொடுக்கும் ஆயுத நிபுணருக்கு பூத்ராய்ட் என்றே பெயர் வைத்தார் ஃபிளெமிங். மேலதிகாரியின் அறையில் பணி ஒப்படைப்பு, புதுக் கருவி, ஆடம்பர ஊர், உலகை மிரட்டும் எதிரி என்ற வரிசை 1962இல் தொடங்கிய படங்களால் உலகெங்கும் பரவியது.

அதற்கு எதிர்நிலையிலிருந்து வந்தவர் ஜான் லெ காரே. டேவிட் கார்ன்வெல் என்ற இயற்பெயரில் பதவியில் இருந்தபடியே எழுதியதால் புனைபெயர் தேவைப்பட்டது. ‘கால் ஃபார் தி டெட்’ (1961) அறிமுகப்படுத்திய ஜார்ஜ் ஸ்மைலி குட்டையான, பருத்த, பொருந்தாத உடை அணிந்த, மனைவியால் கைவிடப்பட்ட மனிதர். கழுத்துப் பட்டையின் முனையால் கண்ணாடியைத் துடைக்கும் அவர், கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ஆள். ஒற்றருக்கு அதைவிடப் பெரிய தகுதி வேண்டாம். பெர்லின் சுவர் எழுந்த இரண்டாண்டில் வந்த ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’ (1963), சொந்தத் தரப்பே தன் ஆளைப் பலியிடும் என்பதைச் சொன்னது. அதே ஆண்டு ஜனவரியில் சோவியத்துக்கு உளவு பார்த்துவந்த எம்.ஐ.6இன் முன்னாள் உயரதிகாரி கிம் ஃபில்பி பெய்ரூட்டிலிருந்து மாஸ்கோவுக்கு ஓடினார். ‘கிம்’ என்பது கிப்ளிங்கின் நாயகன் நினைவாக வந்த செல்லப்பெயர். உள்ளுக்குள்ளேயே இருக்கும் துரோகியைத் தேடும் ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ (1974) அந்தக் காயத்திலிருந்து வந்தது. லெ காரேயின் தந்தை ஒரு மோசடிக்காரர். அந்த வீட்டில் வேடம் பழகிய பிள்ளை நல்ல ஒற்றராவது எப்படி என்று ‘எ பெர்ஃபெக்ட் ஸ்பை’ (1986) ஆராய்கிறது. இவ்வகையின் மிக ஆழமான நூல் அதுவே என்று தயங்காமல் சொல்லலாம்.

எதிர்த் தரப்புக்கும் நாயகர் உண்டு. யூலியன் செம்யோனோவின் ஷ்டிர்லிட்ஸ், நாஜி அதிகாரியாக வாழும் சோவியத் ஒற்றர். 1973இல் பன்னிரண்டு பகுதிகளாக ஒளிபரப்பான ‘வசந்தத்தின் பதினேழு கணங்கள்’ தொடரில் அவர் தன் மனைவியை ஓர் உணவகத்தில் தூரத்திலிருந்து, பேசாமல், பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி ரஷ்யர்களுக்கு மனப்பாடம்.

தமிழில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தந்த ஆழ்வார்க்கடியான் தனித்து நிற்பவன். போகிற இடமெல்லாம் வைணவச் சண்டை போடும் அவன் முதலமைச்சர் அநிருத்தரின் ஒற்றன். பக்தி அவனுக்குப் போர்வையாகவும் உண்மையாகவும் ஒரே நேரத்தில் இருப்பதுதான் கல்கியின் வெற்றி. அறுபதுகளின் படங்கள் பாண்டின் வழியில் போயின: ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘ரகசிய போலீஸ் 115’ (1968). ‘வல்லவன் ஒருவன்’ நாயகன் ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்ற பெயரே நிலைத்தது. சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியையும், லயன் காமிக்ஸ் 1984இல் பீட்டர் ஓ’டானல் படைத்த மாடஸ்டி பிளைசியையும் தமிழ்ச் சிறுவர் கைகளில் சேர்த்தன. பெண்ணை இரையாகவோ பொறியாகவோ மட்டும் வைத்திருந்த இக்கதை வகையில், தானே திட்டமிட்டுத் தானே தலைமை தாங்கும் பெண்ணாக மாடஸ்டி 1963 முதல் இருந்தாள்.

பனிப்போர் முடிந்ததும் இவ்வகை ஓய்ந்துவிடும் என்ற கணிப்பு பலிக்கவில்லை. எம்.ஐ.5இன் முதல் பெண் தலைவராக இருந்த ஸ்டெல்லா ரிமிங்டன் 2004 முதல் லிஸ் கார்லைல் என்ற பெண் அதிகாரியை வைத்து நாவல்கள் எழுதினார். மிக் ஹெரன் 2010இல் ‘ஸ்லோ ஹார்ஸஸ்’ நாவலில், பெரிய தவறு செய்த ஒற்றர்களை மூலையில் தள்ளிவைக்கும் லண்டன் அலுவலகம் ஒன்றைக் கட்டினார். அழுக்குச் சட்டையோடு அதை நடத்தும் ஜாக்சன் லாம்ப், பனிப்போரின் பெர்லினில் வேலை பார்த்தவர்.